சங்க ரசீதும் ஆஸ்பத்திரிச் சீட்டும்

மலாயாவில் கம்யூனிஸ்டுக் கலகத்தை அடக்க எமர்ஜென்சி போட்டிருந்த காலத்தில் நாங்கள் பெம்பான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். எனக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம். என் கணவர் பால்மரம் வெட்டிப் பால் எடுப்பவர். அவருக்கு எழுத்து தெரியாது. நான் தோட்டப் பள்ளியில் நாலாவது வரை படித்தவள் என்பதால் வீட்டுக்கு வரும் காகிதமெல்லாம் என் பொறுப்பு. கடைச் சீட்டு, சம்பளச் சீட்டு, சந்தா ரசீது, எதையும் வீசமாட்டேன். வளைந்த கம்பி ஒன்றில் குத்திச் சுவரில் மாட்டி வைப்பேன்.

"இத்தன குப்பைய எதுக்குப் புள்ள சேத்து வெச்சிருக்க?" என்பார்.

"என்னைக்காவது யாராவது கேப்பாங்க."

கேட்டார்கள். ஒரு நாள் விடிந்ததும், வேலைக்குமுன் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்கு அவர் கிளம்புமுன், நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டு வரிசையைச் சுற்றிப் போலீஸ் நின்றது. வீடு வீடாகச் சோதனை. தமிழ் பேசும் டிடெக்டிவ் ஒருவர் எங்கள் கம்பியைக் கழற்றி, காகிதங்களை ஒவ்வொன்றாக உருவிப் பார்த்தார். பாதியில் கை நின்றது. தொழிலாளர் சங்கத்துக்குக் கட்டிய சந்தா ரசீது. கட்டிய காலத்தில் லயமே அந்தச் சங்கத்தில்தான் இருந்தது. அரசாங்கம் தடை செய்தது அதற்கப்புறம். அப்படி ஒரு ரசீது இருப்பதையே நான் மறந்திருந்தேன்.

"இது யாரோடது?"

"எங்க வீட்டுக்காரரோடதுங்க ஐயா. ரொம்பப் பழசு. லயத்துல எல்லாருமே கட்டுனாங்க."

"மத்தவங்க வீட்ல இல்லியே லா. உங்க வீட்லதான இருக்கு."

அவரை வெறுங்காலோடு லாரியில் ஏற்றினார்கள். ஏறும்போது என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்றுகூட அவருக்குத் தெரியாது.

லாரி போனதும் மிச்சமிருந்த அத்தனையையும் அடுப்பில் திணித்தேன். எதையும் படித்துப் பார்க்கவில்லை. சவர்க்காரம் வாங்கிய சீட்டைக்கூட விடவில்லை.

பத்து நாள் கழித்துப் பார்க்க விட்டார்கள். அவருடைய முகம் வீங்கியிருந்தது; ஆனாலும் என்னைக் கண்டதும் தெம்பாகப் பேசினார். போன மழை மாதத்தில் காட்டு ஓரத்தில் அவர் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி கொடுத்ததை யாரோ பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார்களாம். "அந்த மாசம் பூரா நான் மலாக்கா பெரியாஸ்பத்திரியில காய்ச்சலா கெடந்தேன்ல? அந்தச் சீட்டு ஒங்கிட்டதான இருக்கு?"

பக்கத்தில் நின்ற டிடெக்டிவ் என் பக்கம் திரும்பினார். "கொண்டாங்கம்மா. அது இருந்தா கேஸே வேற."

"எரிச்சிட்டேன்," என்றேன்.

சிரிக்கத் தொடங்கிய என் கணவரின் வாய் அப்படியே நின்றுவிட்டது.

தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரஸர்தான் என் கணவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவர். நேரே அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். "புத்தகத்துல பேரு இருக்கும்மா. ஆனா நான் போய்ச் சொன்னா என் மேலயும் கண்ணு விழுமே," என்று கதவைச் சாத்திவிட்டார். மறுநாள் காலை, அனுப்பும் நோயாளிகளின் பேர் எழுதும் பெரிய புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் பஸ்ஸுக்கு நிற்பதைப் பார்த்தேன். என் பக்கம் திரும்பவே இல்லை. எதுவும் கேட்காமல் நானும் அதே பஸ்ஸில் ஏறினேன்.

ஸ்டேஷனில் டிரஸர் புத்தகத்தை விரித்துக் காட்டினார்; அதன் பிறகும் என் கணவரை விட இரண்டு மாதம் ஆயிற்று. வீடு வந்தவர் பாதி ஆளாக இருந்தார். ஒரு வாரம் கழித்துத்தான் பேச்செடுத்தார்.

"நீ வெச்சதுக்கும் கோவமில்ல, எரிச்சதுக்கும் கோவமில்ல. என்னன்னு தெரியாம நான் நின்னேன் பாரு, அதான் தாங்கல. எனக்கு எழுத்து சொல்லிக் குடு."

சொல்லிக் கொடுத்தேன். அவர் முதலில் எழுத்துக் கூட்டிப் படித்தது ஒரு துணிக்கடைச் சீட்டு. படித்து முடித்து, "இத எத்தன நாளைக்கு வெக்கணும்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. அப்படியே சொன்னேன்.