நான் தடுத்த கை

என் வீட்டுக்காரர் எங்கள் ஊர் ஹாக்கிச் சங்கம் ஒன்றுக்குப் பதினொரு வருஷம் காரியதரிசியாக இருந்தார். அந்தப் பதவி அவரை விட்டுப் போனது என்னால். என் பிள்ளைகள் இன்றைக்கும் வேறொரு மனிதரைத்தான் குற்றம் சொல்கிறார்கள். அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க மனசாட்சி விடவில்லை. கன்னியர் மடத்துப் பள்ளியில் ஐந்தாவதோடு நிறுத்தியவள் நான். தெரிந்த மட்டும் எழுதுகிறேன்.

அவர் கவர்மெண்ட் ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தார். நாலு மணிக்கு ஆபீஸ் விட்டால் நேரே கடலோரத் திடலுக்குப் போய்விடுவார். அவர் பெரிய ஆட்டக்காரர் இல்லை. மற்றவர்களை ஆட வைப்பதுதான் அவர் வேலை. சீக்கியப் போலீஸ்காரர்கள் ஒரு பக்கம், யுரேசியக் கிராணிமார் ஒரு பக்கம், ரயில்வேயில் இருந்த நம் ஆட்கள் ஒரு பக்கம் என்று தனித்தனியாக ஆடிக்கொண்டிருந்தவர்களை ஒரே லீக்கில் சேர்த்தவர் அவர். எவனாவது கோபித்துக்கொண்டு வர மாட்டேன் என்றால் அவன் வீட்டுக்கே போவார். கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, ஹாக்கியைத் தவிர எல்லாவற்றையும் பேசிவிட்டு எழுந்திருப்பார். மறுநாள் அவன் மட்டையோடு திடலில் நிற்பான்.

இதெல்லாம் இப்போது தெரிகிறது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் கூடம் முழுக்க மட்டைக்குத் தடவிய எண்ணெய் வாடையும், என் கொடியில் யார் யாருடையதோ காலுறைகள் தொங்கியதும்தான். சனிக்கிழமை சாயங்காலம் வந்து சாவதானமாகச் சொல்வார்.

"நாளைக்கு ஈப்போ டீம் வருது. பதினாலு பேரு."

"பதினாலு பேருக்கு மீனுக்கு நான் எங்க போவேன்?"

"பாசார்ல இருக்கிற மீன் எல்லாம் பின்ன யாருக்கு?" என்று சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது.

மூத்த மகள் கோயிலில் முதல் தடவை நற்கருணை எடுத்து முதல் நன்மை வாங்கிய நாளில்தான் என் மனம் முறிந்தது. அன்று பின்னேரம் லீக்கின் கடைசி ஆட்டம். முந்தின நாள் திடலில் பட்டாளத்து அணிவகுப்பு நடந்து கோடெல்லாம் அழிந்துபோயிருந்தது. "பூசைக்கு முன்னாடி வந்திடுறேன்" என்று விடிகிற நேரத்தில் சுண்ணாம்பு வாளியோடு போனார். வெள்ளை முக்காடு போட்ட பிள்ளை பீடத்தின் முன்னால் நின்றுகொண்டு வாசலை வாசலைத் திரும்பிப் பார்த்தது. கடைசி ஆசீர்வாதம் கொடுக்கும்போது வந்து சேர்ந்தார், முழங்கால் வரை சுண்ணாம்பு.   இந்த ஹாக்கியிலிருந்து இவரை விடுவிக்க வேண்டும் என்று அர்ச். அன்னம்மாளுக்கு அன்றிரவே ஒன்பது நாள் செபமாக நவநாள் தொடங்கினேன்.

அன்னம்மாளிடம் கேட்டதோடு நான் நின்றிருக்க வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை சங்கத்தின் வருஷக் கூட்டம். காரியதரிசி பதவிக்கு ஒரு கான்ட்ராக்டரும் நின்றார்; கை தூக்கித்தான் ஓட்டு. என் மகளின் ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவர் என் வீட்டுக்காரருக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து கூட்டாளி. சங்கத்தின் கோல் காவல்காரர். சோறு ஆறிப்போவது தெரியாமல் இரண்டு பேரும் ஹாக்கி பேசுவார்கள். அவர் பக்கம் பார்த்துவிட்டுக் கை தூக்குகிறவர்கள் சங்கத்தில் சிலர் உண்டு. கூட்டத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவருடைய மனைவி என்னிடம் வந்தாள்.

"அக்கா, நேத்து இவரு தூக்கத்துல 'கார்னர், கார்னர்'னு கத்துறாரு. பேய்தான் பிடிச்சிருச்சுன்னு தீர்த்தம் தெளிச்சேன் லா."

"உனக்கு ஒரு ராத்திரி. எனக்குப் பதினொரு வருஷம்."

"அப்ப அந்தக் கான்ட்ராக்டர் பாத்துக்கட்டுமே."

"அதான் நானும் கேக்குறேன். உன் வீட்டுக்காரர் அன்னிக்குக் கையைத் தூக்காம இருந்தாப் போதும்."

அவள் சிரிப்பு நின்றது. "நெசமாவா சொல்றீங்க? அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரிய வேணாம். என் பிள்ளைங்க அப்பன் முகத்தைப் பாக்கணும், அவ்வளவுதான்."

சனிக்கிழமை விளக்கு வைக்கும் நேரத்தில் அவர் கூட்டம் முடிந்து வந்தார். இரண்டு கை குறைந்துபோயிற்று என்றார். உள்ளுக்குள் அன்னம்மாளுக்கு நன்றி சொல்லிக்கொண்டு காப்பி கொண்டுவந்து வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை.

"அவன் கை தூக்கல," என்றார். "எனக்கு எதிர்லதான் உட்கார்ந்திருந்தான். மடியில கையை வச்சுக்கிட்டு என்னையே பாத்தான். அவன் தூக்கலன்னு பக்கத்தில இருந்தவனும் தூக்கல."

அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் நாலு பேர் பார்க்க என் வீட்டுக்காரர் அந்த மனிதரை "யூதாஸ்" என்றார்.  ஞானத்தகப்பன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். நான் பக்கத்தில் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

நான் கேட்டது கிடைத்தது. ஐந்து மணிக்கு வீட்டில் இருந்தார். ஜன்னலோரம் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருப்பார். பிள்ளைகள் அவரிடம் போகப் பயந்தார்கள். கான்ட்ராக்டருக்கு யார் வீட்டுக்கும் போய்க் காப்பி குடிக்க நேரமில்லை. ஒரு வருஷத்துக்குள் போலீஸ் டீம் விலகியது, பிறகு யுரேசியர்கள்.

பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். பிரெஞ்சுக்காரச் சாமியார், தமிழ் கொஞ்சம் தடுக்கும். "சேசு மன்னிப்பார். நீ புருஷனுக்குச் சொல்," என்றார். சொல்ல இரண்டு வருஷம் ஆயிற்று. அதற்குள் ஞானத்தகப்பனுக்குத் தைப்பிங்குக்கு மாற்றலாகிவிட்டது. போவதற்கு முன்னால் அவர் மனைவியிடம், "உன் வீட்டுக்காரரே சொல்லிடட்டும்" என்றேன். "அது அக்கா வாயால வரணுமாம். இவரு சொன்னா உங்க வீட்டுல பிரிவு வருமாம்," என்றாள். 

ஈஸ்டருக்கு முந்தின அந்தத் தபசு காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, கோயிலில் சிலுவைப் பாதைச் செபம் முடிந்து வந்து சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். 

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே," என்றார். "நீ கேட்டிருந்தா நானே விட்டிருப்பேன்."

பதினொரு வருஷத்தில் நான் கேட்கவே இல்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன், பாத்திரத்தை உருட்டினேன், புனிதர்களிடம் கேட்டேன். அவரிடம் கேட்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் எங்கள் தீவிலிருந்து படகேறி அக்கரை போய்த் தைப்பிங்குக்கு ரயில் எடுத்தார். ஞாயிறு பின்னேரம் திரும்பி வந்தார். சட்டையைக் கழற்றி மாட்டினார். பசியாறினீங்களா என்று கேட்டதற்குத் தலையசைத்தார்.

"மன்னிப்புக் கேட்டேன். அதெல்லாம் பெருசு பண்ணாதேன்னான். சோறு போட்டான். உன்னைக் கேட்டான், பிள்ளைங்களைக் கேட்டான், ஆபீசைக் கேட்டான்." முழங்காலைத் தடவிக்கொண்டார். "ஹாக்கியைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. நானும் எடுக்கல. ரெண்டு நாளு."

மணி ஐந்தாகியிருந்தது. திடலுக்குப் போய்விட்டு வாருங்கள் என்று என் வாழ்நாளில் முதல் தடவையாக நானே சொன்னேன்.

"அங்க யாரு இருக்கா?" என்றார்.