கிரைண்டர் வாங்கப் போய் வாங்கிய துப்பாக்கி

மாமல்லபுரம் கடற்கரையில் பலூன் சுடும் கடை வைத்திருந்தவருக்கு என்னைக் கண்டாலே ஆகாது. தூரத்தில் என் தலை தெரிந்ததும், "யக்கா வந்துகினு கீதுப்பா, இன்னிக்கு யாவாரம் காலி" என்று பக்கத்து சுண்டல்காரரிடம் சொல்வார். ஓசியிலா சுடுகிறேன்? காசு கொடுத்துத்தான் சுடுகிறேன். ஆனாலும் அவருக்கு வயிற்றெரிச்சல். மற்றவர்கள் ஒரு கை குண்டு வாங்கினால் இரண்டு பலூன் உடையும். நான் வாங்கினால் பலகையே மொட்டையாகிவிடும். வாய் வலிக்க ஊதிக் கட்டுவது அவர்தானே, பாவம்.

எனக்கு செங்கல்பட்டு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. கணவருக்கு மறைமலைநகரில், கார் உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலையில், பாகங்களை அளந்து பார்த்து அனுப்புகிற வேலை. வீட்டில் மூன்றாவது ஆள் என் மாமியார். கல்யாணமான புதிதில் மூவருமாகக் கடற்கரைக்குப் போனபோது, கணவர் விளையாட்டாக என் கையில் கடைத் துப்பாக்கியைத் திணித்தார். அன்றைக்கே தெரிந்துவிட்டது, எனக்கு இது வரும். யாரும் சொல்லிக்கொடுக்காமல், ஒருமுறை கூட அழாமல், வாழ்க்கையில் எனக்கு வந்த ஒரே வித்தை அதுதான். அப்புறம் வீட்டுக்கு எந்த விருந்தாளி வந்தாலும் மாமல்லபுரம்தான். சிற்பங்களை ஓட்டமாகக் காட்டிவிட்டு நேரே பலூன் கடை. "எங்க வூட்டுப் பொண்ணு சுடுறத பாருங்க" என்று அத்தைதான் முன்னால் நின்று கூட்டம் சேர்ப்பார்.

அது தொண்ணூறுகளின் கடைசி. எதிர்வீட்டில் வெட் கிரைண்டர் வந்து இறங்கியது. அன்றிலிருந்து எங்கள் வீட்டு ஆட்டுக்கல் முன்னால் அத்தை உட்கார்ந்தால், கல் ஓடுகிற சத்தத்தைவிடப் பெருமூச்சுச் சத்தம்தான் பெரிதாகக் கேட்கும். தோள்பட்டை வலி வேறு. "வாங்கிடலாம் அத்தை" என்று நானும் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

சதுரங்கப்பட்டினம் பக்கத்தில், அணு ஆராய்ச்சி வேலைக்கு வந்தவர்களின் குடியிருப்பு இருந்தது. அங்கே ஒரு பெண் அதிகாரிக்கு வடக்கே மாற்றல், வீட்டுச் சாமான்களை எல்லாம் விற்கிறார், கிரைண்டரும் இருக்கிறது என்று எக்ஸ்சேஞ்சில் ஒரு தோழி சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் கணவரும் ஸ்கூட்டரில் கிளம்பினோம். கிரைண்டரைக் கட்டிக்கொண்டு வர நைலான் கயிறு, அடியில் வைக்கக் கோணிப்பை, எல்லாம் தயாராக எடுத்து வைத்தவர் அத்தை. கணவர் கீழே நின்று ஸ்கூட்டரின் பின்சீட்டில் கயிற்றை எப்படிப் போடுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்க, நான் மட்டும் மாடிக்குப் போனேன்.

கிரைண்டர் நன்றாகத்தான் இருந்தது. அதைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த என் கண், பக்கத்தில் திறந்து கிடந்த ஒரு பெட்டிக்குள் விழுந்தது. உள்ளே ஒரு கைத்துப்பாக்கி. போலீஸ்காரர் இடுப்பில் இருப்பது மாதிரி இல்லை. நீளமான குழல், பிடி மட்டும் மரத்தில், விரல் விரலாகக் குடைந்து செய்தது. போட்டிகளில் சுடுகிற காற்றுத் துப்பாக்கி, வெளிநாட்டுச் சாமான், இந்த வகைக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று அந்தம்மா சொன்னார். தானே ஒரு காலத்தில் போட்டிக்குப் போனவராம், இப்போது நேரமில்லையாம். "சும்மா பிடிச்சுப் பாருங்க" என்றார்.

பிடித்தேன். வளையல்காரர் சரியான அளவு வளையலை ஏற்றும்போது கை தானாக ஒடுங்கிக் கொடுக்குமே, அப்படி அந்த மரப்பிடிக்குள் என் கை போய் உட்கார்ந்தது. அந்தம்மாவுக்கும் என் மாதிரியே சின்னக் கை. குடியிருப்பில் ஒருவரும் கேட்கவில்லை, குறைத்தே தருகிறேன் என்றார். எவ்வளவு குறைத்தாலும் கிரைண்டர் பணம் முழுக்கப் போய், தீபாவளிப் புடவையும் கூடவே போயிற்று. யோசித்தேனா என்று கேட்டால், இல்லை. கொஞ்சம் கூட இல்லை.

கீழே வந்தேன். கணவர் கயிற்றோடு நிமிர்ந்தார்.

"கிரைண்டர் எங்க? நான் வந்து தூக்கட்டுமா?"

"கயிறு வேணாங்க. மடியிலயே வெச்சுக்கலாம்."

பெட்டியைத் திறந்து பார்த்தார். பிறகு கயிற்றைப் பொறுமையாகச் சுற்றி என் கையில் கொடுத்துவிட்டு, "அம்மா கிட்ட நீயே பேசிக்கோ. நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்று வண்டியை உதைத்தார்.

அத்தை வாசலிலேயே நின்றிருந்தார். ஆரத்தி எடுக்காததுதான் பாக்கி. பெட்டியைத் திறந்து காட்டினேன்.

"இன்னாடி இது?"

"துப்பாக்கி அத்தை. போட்டித் துப்பாக்கி."

"கிரைண்டர் வாங்கினு வரேன்னு போனியே! இதுல உளுந்து போட்டா மாவு வருமா?"

அந்தக் கேள்வி எங்கள் வீட்டில் பல மாதம் ஓடியது. இட்லி கல்லாகிப் போனால், "துப்பாக்கியில ஆட்டினேன், அதான்" என்பார். ஆயுத பூஜை வந்தது. அரிவாள்மணை, சுத்தியல், ஸ்கூட்டர், கணவரின் அளவு கருவிகள், என் பேனா, ஆட்டுக்கல் உட்பட எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். வீட்டில் இருந்த ஒரே நிஜ ஆயுதத்துக்கு மட்டும் பொட்டுக் கிடையாது.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது வேறு. எனக்கு அந்தத் துப்பாக்கியில் சுட வரவில்லை!

போட்டிக்குப் பத்து மீட்டர் தூரம். எங்கள் வீட்டில் பத்து மீட்டர் வேண்டுமென்றால் வாசற்படியில் நின்று, கூடத்தையும் சமையலறையையும் தாண்டி, பின்கட்டுச் சுவரைச் சுட வேண்டும். சுவரோரம் ஒரு மரப்பெட்டி நிறையப் பழைய டெலிபோன் டைரக்டரிகளை அடுக்கி, அதன்மேல் இலக்கு அட்டையைக் குத்தினேன். "அத்தை, குறுக்க வராதீங்க!" என்று கத்திவிட்டுத்தான் ஒவ்வொரு தடவையும் கையைத் தூக்குவேன். அத்தை சமையலறை ஓரத்தில் கரண்டியோடு ஒண்டிக்கொண்டு, "என் வூட்ல நானே பர்மிஷன் கேட்டு நடக்கணுமா, பேஜாரு புடிச்ச பொழப்பு" என்பார். சந்தாதாரர்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் துளைத்துத் தள்ளினேன். அட்டையின் நடுவில் இருந்த கறுப்பு வட்டம் மட்டும் கன்னி கழியாமல் நின்றது.

துப்பாக்கியில்தான் கோளாறு, அந்தம்மா என் தலையில் கட்டிவிட்டார் என்று கூடச் சந்தேகப்பட்டேன். கணவர் ஒருநாள் அட்டையை எடுத்து, தொழிற்சாலையில் பாகத்தைப் பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓட்டைகள் எல்லாம் வலது பக்கம் மேலே ஒரே இடத்தில் கும்பலாக இருந்தன.

"துப்பாக்கி நேராத்தான் கீது. நீதான் கோணலா சுடுற. பலூன் கடைத் துப்பாக்கி எந்தப் பக்கம் இழுக்கும்?"

எனக்குச் சுருக்கென்றது. கடைத் துப்பாக்கி இடது பக்கம் கீழே இழுக்கும். ஆகவே நான் எப்போதும் பலூனைப் பார்த்துச் சுட்டதே இல்லை. பலூனுக்கு வலப்பக்கம் மேலே இருக்கிற காற்றைச் சுடுவேன், பலூன் உடையும். அதைத்தான் இத்தனை வருஷமாக வித்தை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கோணல் துப்பாக்கியோடு குடும்பம் நடத்திப் பழகியவளிடம் நேர்த் துப்பாக்கி வந்தால் என்ன செய்வாள்? அவமானமாக இருந்தது. கோபம் அதைவிட அதிகமாக வந்தது. இனி நேராகத்தான் சுடுவேன் என்று வைராக்கியம் பிடித்துக்கொண்டு, தினமும் வேலைவிட்டு வந்து கண்ணைத் திருத்தினேன். கும்பல் மெல்ல மெல்ல நடுவை நோக்கி நகர்ந்தது. நகர நகரச் சிதறவும் செய்தது, அது வேறு விஷயம். கடைத் துப்பாக்கியை இரண்டு கையால் தோளில் அணைத்துப் பிடிக்கலாம். இதை ஒற்றைக் கையை நீட்டித்தான் பிடிக்க வேண்டும். விசையோ நினைத்தாலே வெடிக்கிற அளவுக்கு மெல்லிசு.

அந்த நேரம் பார்த்துத் திருப்போரூரிலிருந்து நாத்தனார் குடும்பம் வந்தது. வழக்கம் போல மாமல்லபுரம். வழக்கம் போல அத்தை கூட்டம் சேர்த்தார். கடைக்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டே துப்பாக்கியை நீட்டினார். நான் ஸ்டைலாக வாங்கி, பலூனை நேராகக் குறிபார்த்துச் சுட்டேன்.

பலகையில் பட்டது. இன்னொன்று. அதுவும் பலகை. கடைசிக் குண்டுவரை ஒரு பலூன் கூட அசையவில்லை. வேண்டுமென்றே காற்றைக் குறிபார்த்தும் பார்த்தேன், பழைய இடம் கண்ணுக்குப் பிடிபடவே இல்லை. உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணா! கடைக்காரர் முகத்தில் நான் அதுவரை பார்த்திராத ஒரு வெளிச்சம். "இன்னாக்கா, உடம்பு சரியில்லியா? இந்தா, இன்னும் கொஞ்சம் சுடு. காசு வாணாம், ஃப்ரீ" என்று ஒரு கை குண்டை அள்ளிக் கொடுத்தார். அன்பாகக் கொடுப்பது போலக் கொடுத்தார் பாவி மனுஷன். நாத்தனார் கடலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

திரும்பும் வழியில் பஸ்ஸிலேயே அத்தை தீர்ப்புச் சொல்லிவிட்டார். "கிரைண்டரும் இல்ல, பலூனும் இல்ல. வித்துடு."

அடுத்த மாதம் மறைமலைநகரில் ஒரு தொழிற்சாலை மனமகிழ் மன்றத்தில் துப்பாக்கி சுடும் போட்டி நடக்கிறது, யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம் என்று கணவர் கம்பெனி பஸ்ஸில் கேள்விப்பட்டு வந்தார். அதுவரை தவணை கேட்டேன். அத்தை யோசித்தார். "சரி. கப்பு கிப்புலாம் வாணாம். எவளையாச்சும் ஒருத்திய ஜெயிச்சுக் காட்டு, அது உன்து. கடைசியா வந்தினா அன்னிக்கே வித்துட்டுக் கிரைண்டர் வாங்கணும். பேச்சு மாறக் கூடாது." ஒரே ஒருத்தி. இதைவிடச் சுலபமான பந்தயம் உண்டா? தலையாட்டினேன்.

போட்டி அன்று அத்தையும் புளிசாதத்தோடு கூடவே வந்தார். டேபிள் டென்னிஸ் மேசைகளை ஓரம் கட்டி, நீள மேடை போட்டிருந்தார்கள். பெண்கள் என்னோடு சேர்த்து ஐந்து பேர். அத்தை எல்லோரையும் ஒரு நோட்டம் விட்டுவிட்டு, சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட ஒரு கல்லூரிப் பெண்ணைக் காட்டி, "அத நீ ஜெயிச்சிடலாம். கண்ணே தெரில பாவம்" என்று என் காதில் கிசுகிசுத்தார். எனக்கும் அந்த நம்பிக்கைதான்.

கையைத் தூக்கினேன். கை ஆடியது, மூச்சை அடக்கினால் இன்னும் ஆடியது. முதல் குண்டு நான் சொல்லும் முன்னே தானாகப் போயிற்று. எதுவோ எங்கேயோ பட்டுக்கொண்டிருந்தது. நடுவில் ஒரே ஒரு தரம், ஏன் என்று தெரியவில்லை, கை நின்றது. உலகமே நின்ற மாதிரி நின்றது. விசை எப்போது விழுந்தது என்றே எனக்குத் தெரியாது. பார்த்தால் கறுப்பின் நட்டநடுவில் ஓட்டை. அடுத்தது அட்டையின் ஓரத்தில் பட்டது.

கண்ணாடிக்காரப் பெண் முதல் பரிசு. நான் கடைசி. கடைசிக்கு முந்தியவளுக்கும் எனக்கும் நடுவில் ஒரு ஊரே குடியிருக்கலாம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு துப்பாக்கியைப் பெட்டியில் வைக்கும்போது, சென்னையிலிருந்து மாணவிகளைக் கூட்டி வந்திருந்த பயிற்சியாளர் பக்கத்தில் வந்தார். கையில் வாங்கிப் பார்த்தார். "நல்ல சாமான்மா. குடுக்கறதா இருந்தா இப்பவே எடுத்துக்கறேன்" என்று ஒரு விலை சொன்னார். புதுக் கிரைண்டரே வாங்கலாம். அத்தையின் முழங்கை என் விலாவில் இடித்தது.

"விக்கறதா இல்ல சார்" என்றேன்.

சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. தையல் வகுப்பு வரவில்லை, விட்டுவிட்டேன். இந்தி வரவில்லை, விட்டுவிட்டேன். வராத எதையும் ஒரு வாரத்துக்கு மேல் வைத்துக்கொண்டவள் இல்லை நான். இது சுத்தமாக வரவில்லை, ஊரறியத் தோற்றாயிற்று, ஆனாலும் விட மனசு வரவில்லை. அந்த ஒரு குண்டு எப்படிப் போயிற்று என்று தெரியாமல் என்னால் இருக்க முடியாது.

பஸ்ஸில் அத்தை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். புளிசாதப் பொட்டலத்தைக்கூட எனக்கு நீட்டவில்லை. வீட்டுக்கு வந்ததும் நான் புடவையைக்கூட மாற்றாமல், காலையில் அவர் ஊறப்போட்டிருந்த அரிசியையும் உளுந்தையும் எடுத்துக்கொண்டுபோய் ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்தேன்.

"நான் தோத்துட்டேன் அத்தை. பேச்சும் மாறிட்டேன். துப்பாக்கிய விக்க மாட்டேன். இனிமே மாவு நான்தான் ஆட்டுவேன், நீங்க கிட்ட வர வேணாம்."

அத்தை இடுப்பில் கைவைத்து என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எத்தினி நாளைக்கு?"

"எவளையாச்சும் ஒருத்திய ஜெயிக்கிற வரைக்கும்."

கூடத்திலிருந்த கணவர் சிரிப்பை அடக்க இருமினார். அத்தை அடக்கவே இல்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அப்ப எனக்கு இந்த ஜென்மத்துல இந்த வேல இல்ல" என்று சொல்லிவிட்டு, சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார்.

அடுத்த வருஷமும் மாவு நான்தான் ஆட்டினேன்.