மேவிஸும் கிரிம்ஷா மேடும்

மேவிஸ் ஆல்டர்சன் பொய் சொல்லமாட்டார் என்று எங்கள் பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஒரு விஷயத்தில் மட்டும் அவரை யாரும் நம்பவில்லை. அவர் கண்டக்டராக இருந்த பத்தொன்பது வருடமும், பதினாலாம் நம்பர் பஸ் கிரிம்ஷா மேட்டில் ஏறும்போதெல்லாம் பயணிகள் இறங்கி நடந்தார்களாம். காலி பஸ் முன்னால் உறுமிக்கொண்டு ஏறுமாம். பின் சக்கரத்தை ஒட்டி மேவிஸ் ஒரு கட்டையைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு போவாராம், பஸ் பின்னால் சறுக்கினால் சக்கரத்துக்கு அடியில் தள்ளுவதற்கு. டிக்கெட் வாங்கின ஜனமெல்லாம் அவருக்குப் பின்னால் ஊர்வலமாக வருமாம்.

கேட்டவர்கள் சிரித்தார்கள். அவரோடு அந்த மேட்டில் நடந்தவர்களில் சாட்சி சொல்ல ஊரில் யாரும் மிச்சமில்லை. நானும் சிரித்தேன். மேவிஸுக்கு அடுத்த வீட்டில் முப்பது வருடமாக இருக்கிறேன், அவர் வீட்டு வாசற்கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டுக்கொடுத்து வைத்திருந்தது அந்தக் கட்டைதான் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் சிரித்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நம்பாததற்கு முக்கியக் காரணம் ஆலன் ஹெசல்டைன். பழைய பஸ்களைப் பழுதுபார்த்து ஓட்டும் எங்கள் சங்கத்தின் செயலாளர் அவன். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். மேவிஸ் வேலை பார்த்த ஹோல்கேட் பஸ் கம்பெனியை மூடியபோது தூக்கி எறிந்த காகிதமெல்லாம் அவன் வீட்டு மாடியில்தான் இருக்கிறது. அவன் மனைவி துணி வைக்க இடமில்லாமல் அக்கா வீட்டு அலமாரியைக் கடன் வாங்கியிருக்கிறாள்.

"எல்லாத்தையும் படிச்சிட்டேன், மிசஸ் ஆல்டர்சன்," என்றான் ஒருமுறை, எங்கள் சங்கக் கொட்டகையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது. "பயணிகளை இறக்கிவிடணும்னு ஒரு வரிகூட எங்கயும் இல்ல."

"எப்படிடா இருக்கும்? எழுதி வெச்சா லைசன்ஸ் ஆபீஸ்காரன் ரூட்டையே பிடுங்கியிருப்பான். முழு லோடோட ஏறும்னு சொல்லித்தான கம்பெனி பெர்மிட்டே வாங்கிச்சு."

"ஆதாரம் இல்லாம எப்படி..."

"நான்தான் கண்ணு ஆதாரம். உன் முன்னாடி உட்கார்ந்து பிஸ்கட் தின்னுக்கிட்டு இருக்கேன் பாரு."

ஆலன் மரியாதையாகச் சிரித்தான். அந்த மரியாதைதான் மேவிஸைச் சுட்டது என்று நினைக்கிறேன். கிண்டல் செய்திருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பார்.

எங்கள் கூட்டத்துக்கு ஒரு வியாதி உண்டு. பஸ்ஸில் ஒரு திருகாணி வேறு மாதிரி இருந்தால் எங்களுக்குத் தூக்கம் வராது. காகிதத்தில் ஒரு எண் இடித்தால் அதைவிட மோசம். 1956-ஆம் வருட டைம்டேபிளில் அப்படி ஒரு எண் இருந்தது. மேட்டின் அடிவாரத்தில் லோ தார்ப் சாப்பல் என்ற சர்ச் நிறுத்தம், உச்சியில் ஹை கேட் நிறுத்தம். நடுவில் அரை மைல்தான். அதற்குப் பதினோரு நிமிடம் என்று போட்டிருந்தது. அச்சுப் பிழை என்று சங்கத்தில் ஒருமனதாக முடிவு செய்தோம். அந்த டைம்டேபிளைப் புதிதாக அச்சடித்தபோது ஆலன் அதை நாலு நிமிடம் என்று திருத்தினான். அதை மேவிஸிடம் யாரும் கேட்கவில்லை. அச்சுப் பிழையைப் பற்றிக் கண்டக்டரிடம் என்ன கேட்பது?

மேவிஸ் 1952-இல் இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்தார். டிக்கெட் கிழிப்பது அவர் வேலையில் பாதிகூட இல்லை. மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு போய் கெல்பரோ சந்தையில் மருந்து வாங்கிவந்து கொடுப்பார். பண்ணை வீடுகளின் வாசலில் பத்திரிகையைச் சுருட்டி எறிவார், குறி தப்பாது. எந்தக் கிழவர் எந்தப் புதன்கிழமை வரவில்லை என்று கவனித்து, திரும்பும் வழியில் பஸ்ஸை நிறுத்தி அவர் கதவைத் தட்டுவார். 63-ஆம் வருடப் பனியில் பஸ் புதைந்தபோது, பதினாறு பேரை வரிசையாகக் கை கோக்கவைத்து ஒரு பண்ணைக்குக் கூட்டிப்போனவர் அவர். இதையெல்லாம் எல்லோரும் நம்பினார்கள். மேட்டை மட்டும்தான் நம்பவில்லை.

ஆனால் மேடுதான் மேவிஸுக்கு முக்கியம். ஏனென்றால் ஆல்ஃப் அந்த மேட்டில்தான் கிடைத்தார். ஆல்ஃப் கல் குவாரியில் வேலை பார்த்தவர். சனிக்கிழமை மதியம் சந்தைக்குப் போய்விட்டுத் திரும்புவார். மேட்டில் எல்லோரோடும் இறங்கி நடப்பார். முதல் சனிக்கிழமை மேவிஸிடம், "கட்டையக் குடுங்க, நான் இழுக்கறேன்," என்றாராம். மேவிஸ் கொடுக்கவில்லை. அடுத்த சனிக்கிழமையும் கேட்டார். பதினெட்டு மாதம் கேட்டார். ஒருமுறைகூட மேவிஸ் கொடுக்கவில்லை, ஆனால் பக்கத்தில் நடக்கவிட்டார். கடைசியில் ஆல்ஃப் வேறொன்றைக் கேட்டார், அதற்குச் சரி என்றார்.

ஆல்ஃப் இறந்து பத்து வருடம் ஆகிறது. அவரைப் பற்றி மேவிஸ் பேச ஆரம்பித்தால் மேட்டில்தான் ஆரம்பிக்கவேண்டும். மேட்டில் ஆரம்பித்தால் உடனே எதிரில் இருப்பவர் முகத்தில் அந்த மரியாதைச் சிரிப்பு வந்துவிடும். "நடக்கலைன்னா நான் அவரை எங்கதான் பார்த்தேனாம்?" என்று ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து என்னைக் கேட்டார். ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப்போனேன்.

எங்கள் பஸ் 1949-இல் வந்த லேலண்ட். பதினாலாம் நம்பரில் ஓடிய அதே வண்டி. ஒரு பண்ணையில் கோழிக்கூண்டாக நின்றிருந்ததை இழுத்துவந்து ஒன்பது வருடம் வேலை பார்த்தோம். இருக்கைகளுக்குத் துணி தைத்தவன் நான். பச்சையும் வெண்ணெய் நிறமுமாகப் பூசி, துடைத்து நிறுத்தியபோது சங்கத்துப் பழைய ஆட்கள் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய தடத்திலேயே காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று இரண்டு ட்ரிப் ஓட்டுவதாக ஏற்பாடு.

அன்று காலை மேவிஸ் தன் பழைய கண்டக்டர் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். வயது எழுபத்தேழு. பட்டன் எல்லாம் இன்னும் போட முடிந்தது. அதை எல்லோரும் பார்க்கும்படி நின்றார். கையில் பெரிய கடைப்பை. ஆலன் பூங்கொத்தோடு வந்து, "உங்களுக்கு முன் சீட்டு, மிசஸ் ஆல்டர்சன். இன்னைக்கு நீங்கதான் சிறப்பு விருந்தினர்," என்றான்.

"பூவ ரேடியேட்டர்ல செருகு. நான் பின்னாடி வாசல்ல நிக்கறேன். மணிக்கயிறு என் கையில."

அந்தப் பஸ்ஸில் டிரைவர் முன்னால் தனிக் கூண்டில் இருப்பார். பின்னாலிருந்து ஒரு மணி அடித்தால் நிற்கவேண்டும், இரண்டு அடித்தால் கிளம்பவேண்டும். ஆலன் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தான். நான் கடைசி இருக்கையில், மேவிஸின் பைக்குப் பக்கத்தில். முப்பத்தைந்து இருக்கையும் நிரம்பி ஐந்து பேர் நின்றார்கள். போர்க்கால ரேஷனில் மெலிந்த உடம்புகள் இல்லை. எல்லோரும் நன்றாகக் கேக் தின்று வளர்ந்தவர்கள்.

சாப்பலுக்கு வந்ததும் மேவிஸ் ஒரு மணி அடித்தார். பஸ் நின்றது. ஆலன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"என்ன ஆச்சு?"

"மேடு வந்துடுச்சு. எல்லாரையும் இறக்கணும்."

"அதெல்லாம் வேணாம். போன வாரம் காலி பஸ்ஸ ரெண்டு தடவ ஏத்திப் பார்த்தாச்சு. ஜம்முனு ஏறுது."

"காலியா ஏறும். அதத்தானடா நானும் சொல்றேன்!"

பஸ் முழுக்கச் சிரிப்பு. ஆலன் கடிகாரத்தைக் காட்டினான். "மிசஸ் ஆல்டர்சன், தயவுசெஞ்சு. நேரமாச்சு."

மேவிஸ் கோபப்படவில்லை. குனிந்து பையிலிருந்து கட்டையை எடுத்தார். கயிறு புதிதாக இருந்தது. கதவைத் திறந்தபடியே விட்டு, படியில் நின்றுகொண்டு, இரண்டு மணி அடித்தார்.

மேட்டின் முதல் வளைவுவரை நன்றாகத்தான் ஏறினோம். அப்புறம் எஞ்சின் முனக ஆரம்பித்தது. வேகம் குறைந்து குறைந்து, ஓரத்துக் கல்சுவரில் உள்ள பாசியைக்கூட எண்ணலாம் என்ற நிலைக்கு வந்தது. ஆலன் முதல் கியருக்கு மாற்றப் பார்த்தான். அந்தப் பழைய பெட்டியில் கியர் ஒருமுறை தவறினால் தவறியதுதான். கரகரவென்று ஒரு சத்தம், பஸ் நின்றது. பிரேக்கைப் பிடித்தான். பிடித்தும் வண்டி ஒரு முழம் பின்னால் நகர்ந்தது.

யாரும் கத்துவதற்குள் மேவிஸ் கீழே இருந்தார். கட்டை சக்கரத்துக்கு அடியில் இருந்தது. பஸ் அதன்மேல் ஒரு பெருமூச்சோடு சாய்ந்து நின்றது.

"இப்ப எறங்கறீங்களா?" என்றார் உள்ளே பார்த்து. "கர்ப்பிணி, எழுபதத் தாண்டினவங்க, முட்டைக் கூடை வெச்சிருக்கறவங்க உட்காரலாம். மத்தவங்க நடங்க."

லீட்ஸ் நகரத்திலிருந்து வந்திருந்த ஒரு அம்மா தன் வெள்ளைச் செருப்பைக் காட்டினாள். "எனக்கு அறுபத்தாறு வயசும்மா!"

"முட்டை இருக்கா?"

"இல்ல."

"அப்ப நடக்கலாம், கண்ணு."

காலை ட்ரிப் ஒருவழியாக முடிந்தது. சாப்பாட்டு நேரத்தில் ஆலன் இறைச்சி வைத்துச் சுட்ட அப்பத்தைப் பாதி கடித்து அப்படியே வைத்துவிட்டான். மதிய ட்ரிப்பில் சாப்பல் வந்ததும், மணி அடிக்காமலே பஸ் நின்றது. ஆலன் கூண்டிலிருந்து இறங்கிப் பின்னால் நடந்துவந்து, தொப்பியைக் கழற்றினான்.

"நீங்க எப்படிச் செய்வீங்களோ அப்படியே செய்யுங்க, மிசஸ் ஆல்டர்சன்."

அவர் செய்தார். வயதானவர்களை உட்காரவைத்து, மற்ற எல்லோரையும் இறக்கி, பஸ்ஸின் பக்கவாட்டில் கையால் தட்டி அனுப்பினார். வண்டி முதல் கியரிலேயே, ஆளோடு ஆளாக நடப்பதுபோல் மெல்ல ஏறியது. பின் சக்கரத்தை ஒட்டி மேவிஸ், அவர் கையில் கயிறு, கயிற்றின் நுனியில் கட்டை தடதடவென்று. நாங்கள் முப்பது பேரும் பின்னால்.

நடக்க ஆரம்பித்ததும் ஒன்று நடந்தது. ஜனம் பேச ஆரம்பித்தது. பஸ்ஸுக்குள் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தவர்கள், மேட்டில் மூச்சு வாங்கியபடி ஒருவருக்கொருவர் ஊர் விசாரித்தார்கள். இருக்கைத் துணியின் நிறத்துக்காக ஒரு வருடமாக என்னிடம் முகம் கொடுக்காத சங்கத்து டக்ளஸ் என் பக்கத்தில் வந்து, "அந்தச் சிவப்பு அவ்வளவு மோசமில்லப்பா," என்றான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை அவனிடமே சொல்லிவிட்டேன்.

அப்புறம் வேகமாக நடந்து மேவிஸைப் பிடித்தேன். "கட்டையக் குடுங்க, நான் இழுக்கறேன்."

"ஆல்ஃபுக்கே குடுக்கல. உனக்கா?" என்றார். ஆனால் பக்கத்தில் நடக்கவிட்டார்.

ஹை கேட்டில் பஸ் நின்று காத்திருந்தது. கடைசியாக ஏறியது, மதியமும் வந்திருந்த லீட்ஸ் அம்மா. செருப்பு பழுப்பு நிறமாகியிருந்தது. ஆலன் கூண்டிலிருந்து இறங்கி ரோட்டில் நின்று கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கோட்டுப் பையிலிருந்து பழைய டைம்டேபிளை எடுத்தான். புதிதாக அச்சடித்ததையும் எடுத்தான். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் முகம் மாறுவதை நான் பார்த்தேன். எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

"பதினொண்ணு," என்றான் மேவிஸிடம். "அந்த அம்மா ஏறினதும் சரியா பதினோரு நிமிஷம். கம்பெனி எழுதித்தான் வெச்சிருக்கு. நான்தான் தப்புன்னு நெனச்சு நாலா மாத்திட்டேன்."

மேவிஸ் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புதுத் தாளை வாங்கிப் பார்த்தார்.

"ஏழு நிமிஷத்தக் கழிச்சுட்டியே, ஆலன்," என்றார். "அந்த ஏழு நிமிஷத்துலதான் எனக்குக் கல்யாணமே ஆச்சு."

ஆலன் பேனாவை எடுத்து, பஸ்ஸின் எஞ்சின் மூடியின் மேலேயே தாளை வைத்து, நாலை அடித்துவிட்டுப் பதினொன்று என்று எழுதினான். யாரும் சிரிக்கவில்லை. மேவிஸ் கட்டையைத் தூக்கிப் பையில் வைத்தார், படியில் ஏறினார், தலைகளை எண்ணினார். அப்புறம் இரண்டு மணி அடித்தார்.