அந்தியே வராத ஊருக்கு

இந்த நாட்டில் ஓர் இடத்தைப் புகழ வேண்டுமானால், அங்கே ஆளே கிடையாது என்று சொல்ல வேண்டும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று வருஷம் ஆயிற்று. எடின்பரோவில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரி மிஸிஸ் மர்ரே, போன மாதம் எங்கள் அடுக்களை மேசையில் ஒரு பெரிய வரைபடத்தை விரித்தாள். வடக்கே, இன்னும் வடக்கே என்று விரலை நகர்த்திக்கொண்டு போய், காகிதம் முடிகிற இடத்தில் நிறுத்தினாள். நார்வே தேசத்தின் வடகோடி, லாப்லாந்து என்று பெயராம். கோடை விடுமுறைக்கு நானும் என் கணவரும் அங்கேதான் போக வேண்டும் என்று அவளே தீர்மானித்திருந்தாள். "அங்கே யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டேன். அவள் முகம் மலர்ந்துபோயிற்று. "ஒருவருமில்லை! நாள் முழுக்க நடந்தாலும் ஒரு மனிதமுகம் தென்படாது!" என்றாள். "ஐயோ பாவம், எல்லாரும் எங்கே போய்விட்டார்கள்? ஏதாவது கொள்ளைநோயா?" என்றேன். நான் வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்து என் கையைத் தட்டிக்கொடுத்துச் சிரித்தாள்.

நாஞ்சில் நாட்டில் பிறந்த நீங்களே சொல்லுங்கள், நான் கேட்டதில் என்ன தப்பு? நம்மில் யாராவது ஆளில்லாத ஊருக்குப் பயணம் போனதுண்டா? அங்கே ஒரு சித்தி இருக்க வேண்டும், அல்லது ஒரு கல்யாணமோ சபைத் திருநாளோ இருக்க வேண்டும். நாகர்கோவிலிலிருந்து வில்வண்டியில் தக்கலைக்குப் போவதானாலும் ஒரு டப்பா முந்திரிக்கொத்துப் பலகாரம் மடியில் இருக்கும். வாங்கிக்கொள்ள அந்தப் பக்கம் ஒரு கை இல்லையென்றால் அது என்ன பயணம்? காடு என்றால் எங்களுக்குத் தெரிந்தது கீரிப்பாறையும் பேச்சிப்பாறைக்கு மேலே உள்ள மலைகளும்தான். ரப்பர் தோட்டத்துக்குக் கணக்கெழுதப் போன என் சின்ன அண்ணன், போன வேகத்தில் குளிர்காய்ச்சலோடு கட்டிலில் தூக்கிக்கொண்டு வரப்பட்டான். பிழைத்தது ஆண்டவன் செயல். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் மலை என்று யாராவது வாயெடுத்தால் அம்மா அந்த இடத்தைவிட்டு எழுந்து போய்விடுவாள். இங்கேயோ, காட்டில் போய்க் கொசுக்கடி படுவதற்கு வருஷம் முழுக்க ஆசைப்படுகிறார்கள்.

என் கணவருக்கு இந்தத் திட்டம் மிகவும் பிடித்துவிட்டது. அவர் டாக்டர். மேற்படிப்புக்கு என்று வந்தவர், படிப்பு முடிந்ததும் இங்குள்ள ஓர் ஆஸ்பத்திரியிலேயே வேலைக்கு அமர்ந்துவிட்டார். முதலில் இரண்டே வருஷம் என்றார். பிறகு இன்னொன்று. இந்தக் கோடைக்குக் கட்டாயம் ஊருக்குத் திரும்பிவிடுவோம் என்று கிறிஸ்துமஸ் அன்று வாக்குக் கொடுத்தார். பங்குனியில் ஆஸ்பத்திரிக்காரர்கள் இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்லிக் கேட்டதும், சரியென்று தலையாட்டிவிட்டு வந்து நின்றார். போய்வரவாவது ஆகுமா என்றால், கிடைக்கிற விடுமுறைக்குள் கப்பல் சூயஸைத் தாண்டினாலே பெரிது. என் வாயை அடைக்கத்தான் இந்த லாப்லாந்து என்பது எனக்குத் தெரியாதா? பெட்டிகளையும் கம்பளிகளையும் பற்றி அவர் உற்சாகமாகப் பேசப்பேச, எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏனென்றால் எனக்கு ஊர் என்றால் வயலும் குளமும் அல்ல. மயிலாடியில் என் அக்காள் வீட்டில் என் மகள் இருக்கிறாள்.

பொன்னுவுக்கு நெஞ்சு பலவீனம். குளிர் நாட்டுக்கு அவளைக் கொண்டுபோகாதீர்கள் என்று எல்லா டாக்டர்களும் சொன்னார்கள், பெற்ற தகப்பன் உள்பட. நாங்கள் புறப்பட்டபோது அவளுக்கு நான்கு வயது. அவளுக்கு மாசமும் தெரியாது, மணியும் தெரியாது, இரண்டு வருஷம் என்றால் என்ன என்று எப்படிச் சொல்வது? அவளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. மயிலாடியில் நாள் முழுக்கச் சிற்பிகள் கல் கொத்துகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். பொழுது சாய்ந்தால் சத்தம் அடங்கும். உடனே அக்காள் சிமினி விளக்கைக் கொளுத்துவாள், பாட்டு, வேதவாசிப்பு, ஜெபம். அதனால் அவளை மடியில் வைத்து, "மக்கா, வெளக்கு வெச்சதும் நீ அம்மைக்காக ஜெபம் பண்ணு. அந்த நேரம் பாத்து அம்மையும் அங்க வெளக்கு வெச்சு ஒனக்காக ஜெபம் பண்ணுவேன். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல, கேட்டியா?" என்றேன். "நீ மறந்துட்டா?" என்று கேட்டாள். "மறக்க மாட்டேன்" என்றேன். அன்று தொடங்கி நான் ஒரு நாள்கூட மறக்கவில்லை. பனிக்காலத்தில் இங்கே சாயந்திரக் காப்பிக்கு முன்பே இருட்டிவிடும், உடனே விளக்கு. கோடையில் ஊரே படுக்கப் போகிற நேரத்தில்தான் வெளிச்சம் மங்கும், அதுவரை கண்ணைக் கசக்கிக்கொண்டு காத்திருப்பேன். காஸ் விளக்கு சுவரில் இருக்க இவள் எதற்கு ஒரு சின்ன மண்ணெண்ணெய் விளக்கைக் கட்டிக்கொண்டு அழுகிறாள் என்று மிஸிஸ் மர்ரேக்கு ஒரே ஆச்சரியம்.

அந்த மிஸிஸ் மர்ரேதான் மறுநாள் வந்து, சொல்ல மறந்துபோன பெரிய சங்கதியைச் சொன்னாள். கோடையில் லாப்லாந்தில் சூரியன் அஸ்தமிப்பதே இல்லையாம். வாரக்கணக்கில் ராத்திரியே வராதாம். சொல்லிவிட்டு, நான் துள்ளிக் குதிப்பேன் என்று எதிர்பார்த்து நின்றாள். அந்தியே வராத ஊரில் நான் எப்போது விளக்கு வைப்பேன்? மயிலாடியில் என் பிள்ளை கையைக் கூப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்க, லாப்லாந்தில் நான் வெயிலைப் பார்த்துக்கொண்டு நிற்பதா?

அன்று ராச்சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது ஜன்னலில் இன்னும் வெயில் இருந்தது. வரைபடத்தை மடித்து அவர் முன்னால் வைத்தேன்.

"அத்தான், நான் வரல்ல. நீங்க வேணும்னா போயிட்டு வாங்க."

"என்னட்டி, திடீர்னு?"

"அங்க பொழுதே சாயாதாம். நான் பிள்ளைக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

அவர் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். சிரிப்பார், கேலி செய்வார் என்று நான் சண்டைக்குத் தயாராக இருந்தேன். அவர் சிரிக்கவில்லை.

"ஏட்டி, நான் ஒண்ணு சொன்னா அழப்பிடாது. நீ இங்க வெளக்கு வைக்கும்போ அவ அங்க நல்ல ஒறக்கத்துல இருப்பா. அவளுக்கு அந்தின்னா நமக்கு இங்க மத்தியானம்."

நான் பள்ளிக்கூடத்தில் பூகோளம் படித்தவள். டீச்சர் ஓர் ஆரஞ்சைச் சுற்றிக் காட்டியதும், பரீட்சையில் அதை எழுதி நல்ல மார்க் வாங்கியதும் நினைவிருக்கிறது. ஆனால் பிள்ளையை மடியில் வைத்துப் பேசுகிறவளுக்கு ஆரஞ்சு எங்கே ஞாபகம் வரும்? மூன்று வருஷமாக, என் மகள் என்னைத் தேடிய நேரத்தில் நான் இங்கே சந்தையில் முட்டைக்கோசு பொறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். அவள் நினைவே இல்லாமல் எத்தனை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் குட்டித்தூக்கம் போட்டிருக்கிறேன்!

"அப்ப ஏன் இத்தன நாளும் எங்கிட்டச் சொல்லல்ல?" என்று கத்தினேன்.

"எப்பிடிச் சொல்லுவேன்? நீ அந்த வெளக்க வெச்சிட்டு இருக்கதப் பாத்தா எனக்கு நாக்கு எழும்பல்ல." தட்டைத் தள்ளிவைத்தார். "அவளுக்க நேரத்துக்கு நான் நின்னுக்கிடுதேன். ஆஸ்பத்திரியில மத்தியானச் சாப்பாடு முடிஞ்சதும் மாடிப்படிக்குப் பக்கத்துல ஒரு ஜன்னல் உண்டு. வந்த நாள்லேருந்து அங்க நின்னுதான் ஜெபம் பண்ணுதேன். ஒருத்தராவது அவகூட இருக்கணும்லா."

கல்மனசு என்று எத்தனையோ தடவை நான் திட்டிய மனிதர். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "அப்ப நான் பண்ணினதெல்லாம் வீணா?" என்றேன். "என்ன வீணு? ஒறங்குத பிள்ளைக்கும் ஜெபம் வேணும்லா" என்றார். அப்புறம் இரண்டு பேருமே சாப்பிடவில்லை. அந்த மனிதரோடு எந்தக் காட்டுக்கும் போகலாம் என்று தோன்றிற்று. பொன்னுவின் அந்தி நமக்கு மத்தியானத்தில்தான் என்றால், லாப்லாந்தில் சூரியன் அஸ்தமித்தால் என்ன, அஸ்தமிக்காவிட்டால் என்ன? கப்பல் சீட்டுக்குச் சொல்லிவிட்டு வாருங்கள் என்று நானே சொன்னேன். ஆனால் ஒரு வாக்கு வாங்கிக்கொண்டேன். அடுத்த வருஷம் ஆஸ்பத்திரிக்காரர்கள் காலில் விழுந்தாலும் சரி, நாம் பிடிக்கிற கப்பல் தெற்கே போகிற கப்பலாகத்தான் இருக்க வேண்டும். இந்தத் தடவை அவர் தலையாட்டவில்லை. வாயைத் திறந்து "போவோம்" என்றார்.

மறுநாள் மத்தியானம் பாத்திரங்களைக் கழுவிவைத்துவிட்டு விளக்கை எடுத்தேன். தெருவெல்லாம் பளீரென்று வெயில். அந்த வெளிச்சத்தில் சுடர் இருப்பதே தெரியவில்லை. அதனால் வாசல் பக்கத்து ஜன்னல்களின் திரைகளையெல்லாம் இழுத்து மூடினேன். அறை மங்கலாயிற்று. அப்படியே ஊரில் பொழுது சாய்கிற நேரத்து மங்கல். தனியே ஒரு பாட்டுப் பாடினேன். ஆமென் சொல்லி முடிப்பதற்குள் படியில் ஓடிவருகிற சத்தம் கேட்டது. மிஸிஸ் மர்ரே கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். ஏப்ரனைக்கூட அவிழ்க்கவில்லை, முகம் வெளுத்திருந்தது. இந்த ஊரில் பட்டப்பகலில் திரையை மூடினால் அந்த வீட்டில் சாவு என்று அர்த்தமாம். அது எனக்கு எப்படித் தெரியும்?

"என் கண்ணே, யார் போய்விட்டார்கள்?" என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"யாரும் போகவில்லை மிஸிஸ் மர்ரே. என் வீட்டில் இப்போது பொழுது சாய்கிறது."

அவள் என்னைப் பார்த்தாள். திரைக்குக் கீழே தரையில் விழுந்துகிடந்த வெயிலைப் பார்த்தாள். துக்கத்தில் எனக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று நினைத்திருப்பாள் போலும், கையை விடாமல் தலைகுனிந்து பக்கத்திலேயே நின்றாள். நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. மயிலாடித் தெருவில் இருட்டிக்கொண்டு வருகிறது, பிள்ளை இன்னும் வெளியே நிற்கிறாள். அவளுக்குக் கேட்கிற மாதிரி உரக்கக் கூப்பிட்டேன்.

"பொன்னு, வெளக்கு வெச்சாச்சு மக்கா. வெளையாடினது போதும், உள்ள வா."