அகல்யா சொன்னதும் பார்கவி சொன்னதும்

வாரத்துக்கு இரண்டு முறை அகல்யா ஓர் ஈரத்துணியை எடுத்துக்கொண்டு லிஃப்டில் இறங்குவாள். சொசைட்டி வாசலுக்கு வெளியே பெரிய ஃப்ளெக்ஸ் ஒன்று கட்டியிருந்தது. கணபதி உற்சவ வாழ்த்து. நடுவில் கைகூப்பி நிற்பவர் நிலேஷ் பாவு; பாவு என்றால் மராட்டியில் அண்ணன். மாநகராட்சித் தேர்தலில் அந்த வார்டில் நிற்க ஆசைப்படுகிறவர். அவருக்குப் பின்னால் பிள்ளையார். அவருடைய முழங்கைக்குக் கீழே வரிசையாகச் சின்னச் சின்ன முகங்கள். அதில் கடைசி முகம் அகல்யாவின் தங்கை பார்கவி. ஹிஞ்சேவாடிக்குப் போகிற ஐ.டி. கம்பெனி கேப்கள் கிளப்பும் புழுதி நாலே நாளில் அந்த முகத்தை மூடிவிடும். அகல்யா அதை மட்டும் துடைத்துவிட்டு வருவாள். பிள்ளையாரைக்கூடத் துடைத்ததில்லை, எட்டாது.

வாட்ச்மேன் பார்த்துச் சிரிப்பார். சிரித்துக்கொள்ளட்டும். புனேயில், முன்பின் தெரியாத மராட்டிக்காரர்கள் நடுவில், தன் தங்கையின் முகம் ரோட்டில் நிற்கிறது. ஊரில் எத்தனை பேருக்கு அந்தக் கொடுப்பினை உண்டு? போட்டோ எடுத்துத் திருப்பூர் உறவுக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பியிருந்தாள்.

அகல்யா பத்தாவதோடு நின்றவள். அப்பா போனபின் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்தாள். ட்யூப்லைட் வெளிச்சத்தில் நின்றபடி, வருகிற பீஸை விரித்து, தையல் விட்டிருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து அனுப்பவேண்டும். அவள் பார்த்து அனுப்பிய பீஸ் திரும்பி வந்ததே கிடையாது. அந்தச் சம்பளத்தில்தான் பார்கவி கோயமுத்தூரில் இன்ஜினியரிங் படித்தாள். கல்யாணப் பேச்சு எடுத்தவர்களிடம், முதலில் தங்கைக்கு முடியட்டும் என்றாள் அகல்யா. தங்கைக்கு முடிந்தபோது கேட்கிறவர்கள் நின்றுபோயிருந்தார்கள். பார்கவியின் கணவன் முரளி வேலைக்காக ஜெர்மனி போனதும், தங்கை தனியாக இருக்கிறாளே என்று புனேக்கு வந்தவள் அப்படியே தங்கிவிட்டாள்.

ஊரில் பார்கவியைக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போகவேண்டியிருக்கும். இங்கே வந்து ஆளே மாறிவிட்டாள். ஜனவரியில் நிலேஷ் பாவு செலவில் பெண்களுக்கு மஞ்சள் குங்குமம் கொடுக்கிற ஹல்தி குங்கு விழாவை அவள்தான் நடத்தினாள். வந்தவர்களுக்கெல்லாம் எவர்சில்வர் டப்பா. அவர் விட்ட இலவச பஸ்ஸில் பெண்களைக் கோயில் கோயிலாகக் கூட்டிப்போனாள். மராட்டி வருஷப் பிறப்பான குடி பாட்வா அன்று ஒன்பது கஜம் சேலையும் காவித் தலைப்பாகையுமாக ஊர்வலத்தில் ஸ்கூட்டர் ஓட்டினாள். அந்தச் சேலையை வீடியோ பார்த்துப் பார்த்து மடிப்பு எடுத்துக் கட்டிவிட்டவள் அகல்யா. வார்டு மகளிர் அணித் தலைவி பதவி கிடைக்கும் என்று பேச்சு இருந்தது.

அகல்யாவுக்கு அங்கே பேச்சுத் துணை ஒரே ஒருவர்தான். எதிர் விங்கில் வாடகைக்கு இருக்கும் ஜெர்சனின் அம்மா, ஆரோக்கியமணி டீச்சர். டீச்சரின் புருஷன் ஹெர்பர்ட் தேஹு ரோடு ஆயுதக் கிடங்கில் வேலைபார்த்து இறந்துபோனவர். டீச்சர் பிறந்ததே புனேயில்தான். அவர் தமிழில் பாதிக்குப் பாதி இந்தி கலந்திருக்கும். அகல்யாவுக்கு வயிற்று வலி வந்தபோது ஆஸ்பத்திரியில் மராட்டி பேசினது அவர். பேங்க்கில், ரேஷன் கடையில், ரிக்‌ஷாவில், எல்லா இடத்திலும் அகல்யாவுக்கு வாயாக இருந்ததும் அவர்தான். சனிக்கிழமை சாயங்காலம் டீச்சர் வீட்டில் ஏழெட்டுப் பேர் கூடித் தமிழில் ஜெபமாலை சொல்வார்கள். அகல்யா ஒரு மூலையில் உட்கார்ந்து கேட்பாள். தமிழ் காதில் விழுந்தால் போதும் அவளுக்கு. முடிந்ததும் டீயும் முறுக்கும்.

ஒரு ராத்திரி சாப்பிடும்போது அகல்யா பெருமையாகச் சொன்னாள்.

"எங்க டீச்சர் பண்ணுன காரியம் தெரியுமா கண்ணு? வேலைக்கு வர்ற சுரேகா இருக்கறால்ல, அவ புள்ளைக்கு நெருப்பாட்டக் காச்சலு. ஜெபமாலையப் பாதியில நிறுத்திப்போட்டு டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போனாங்க. நானுந்தான் போனேன். வந்தப்பறம் தலையில கைய வெச்சு ஜெபம் பண்ணுனாங்க. சுரேகா கண்ணுல தண்ணி."

பார்கவி ஃபோனிலிருந்து தலையைத் தூக்கினாள். "தலைல கைய வெச்சாங்களா?"

"ஆமா."

"சுரேகா புள்ளை தலைலயா?"

"பின்ன, என்ற தலையிலயா? ரசம் ஊத்தட்டுமா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிளப் ஹவுஸில் கூட்டம் போட்டார்கள். பத்து நாள் பிள்ளையார் இருந்த மேடையில் ஜரிகைத் தோரணம் இன்னும் தொங்கியது. சொசைட்டிக்காரர் இல்லாவிட்டாலும் நிலேஷ் பாவு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். வீடுகளுக்குள் மதமாற்றம் நடக்கிறது என்று புகார் வந்திருப்பதாகச் செயலாளர் படித்தார். அகல்யாவுக்கு அது விளங்கவில்லை. தன்னை எதற்குக் கூட்டிவந்தாள் தங்கை என்றும் விளங்கவில்லை. பார்கவி அவளைக் கைபிடித்து மேடைக்குக் கூட்டிப்போன பிறகுதான், இரண்டாம் வரிசையில் டீச்சரும் ஜெர்சனும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள்.

"அக்கா, பயப்படாத. பாத்ததச் சொல்லு, போதும். நான் இந்தில சொல்றேன்," என்றாள் பார்கவி. "அன்னிக்கு டீச்சர் வீட்டுல என்ன நடந்துச்சு?"

அகல்யா ஒன்றையும் விடாமல் சொன்னாள். காய்ச்சலைச் சொன்னாள், ரிக்‌ஷாவைச் சொன்னாள், டாக்டர் ஊசி போட்டதைச் சொன்னாள். "சுரேகாதான் எம்புள்ளைக்குச் சாமி கும்புட்டு வுடுங்கன்னு கேட்டா. அதுக்கப்பறந்தான் டீச்சர் கைய வெச்சாங்க. அவ கேக்காம தொடவேயில்லீங்க."

பார்கவி மைக்கைத் தன் பக்கம் திருப்பி இந்தியில் பேசினாள். அகல்யாவுக்கு இந்தி தெரியாதுதான். ஆனால் டாக்டருக்கு இந்தியிலும் டாக்டர்தானே. அந்த ஒரு சொல் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். வரவில்லை. ரிக்‌ஷாவும் வரவில்லை. "சுரேகா" வந்தது, பிள்ளை என்கிற "பச்சா" வந்தது, பார்கவி தன் தலையிலேயே கையை வைத்துக் காட்டினாள். அவ்வளவுதான், முடிந்துவிட்டது. மண்டபத்தில் முணுமுணுப்பு எழுந்தது. நிலேஷ் பாவு வருத்தப்படுகிறவர்போல் தலையை ஆட்டினார்.

தையல் விட்ட பீஸ் கையில் இருந்தால் அகல்யாவுக்குத் தெரியாமல் போகாது. இதுவும் தெரிந்தது. டீச்சரைப் பார்த்தாள். அங்கே தமிழும் இந்தியும் ஒருசேரப் புரிந்த மூன்று பேரில் அவர் ஒருவர். ஜெர்சன் எழுந்திருக்கப் பார்த்தான். டீச்சர் அவன் கையை அழுத்தி உட்காரவைத்தார். அவர் பார்கவியைப் பார்க்கவில்லை. அகல்யாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அகல்யா வாயைத் திறந்தாள். அதற்குள் பார்கவி அவள் தோளில் கை போட்டாள். மண்டபமே தங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. எவ்வளவு சரளமாக இந்தி பேசுகிறாள் என்று அந்த நேரத்திலும் ஓர் எண்ணம் வந்துபோனது. அகல்யா வாயை மூடிக்கொண்டாள்.

அனுமதி இல்லாமல் வீடுகளில் வழிபாட்டுக் கூட்டம் கூடாது என்று கை தூக்கித் தீர்மானம் போட்டார்கள். கை தட்டினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அகல்யா கேட்டாள். "நாஞ்சொன்னதுல பாதி எங்க போச்சு?"

"நேரமாச்சுன்னு சுருக்கிச் சொன்னேன்."

"டாக்டரச் சுருக்கிப்போட்டியே கண்ணு."

"அக்கா, இதெல்லாம் உனக்குப் புரியாது. டீச்சர் மேல எனக்கென்ன கோவமா? ஹல்தி குங்குவுக்கு அவங்களுக்கும் டப்பா குடுத்தவளே நான்தான். நிலேஷ் பாவு இப்படி ஒரு விஷயம் வேணும்னு கேட்டாரு. இங்க நம்மள மதராசின்னு ஒதுக்காம இருக்காங்கன்னா சும்மாவா?" பார்கவி கம்மலைக் கழற்றி வைத்தாள். "அப்பறம், வந்து சொன்னது நீதான். நானா போய் எட்டிப் பாத்தேன்?"

அகல்யா தட்டை எடுத்து வைத்தாள். அன்று சோறு இறங்கவில்லை. டீச்சரை நினைத்து வெட்கம், தன்னை நினைத்து வெட்கம். எல்லாவற்றுக்கும் மேலே, தூக்கி வளர்த்த பெண்ணை நினைத்து வந்த வெட்கம். அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. வேறு யார் வீட்டுப் பெண்ணாவது இப்படிச் செய்திருந்தால் என்ன வளர்ப்பு இது என்று கேட்டிருப்பாள்.

புதன்கிழமை டீச்சர் வீட்டு மணியை அழுத்தினாள். டீச்சர் கதவைத் திறந்தார். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"டீச்சர், அன்னிக்கு நாஞ் சொன்னதெல்லாம் கேட்டீங்கதானுங்க?"

"கேட்டேன். டீக்தான், சரியாத்தான் சொன்னே. உன் பெஹன்தான் பாதிய முழுங்கிட்டா."

"அப்ப நீங்க எந்திரிச்சுச் சொல்லியிருக்கலாமுங்களே."

"நான் சொன்னா யாரு நம்புவா? குத்தம் சாட்டுனதே என் மேலதானே." டீச்சர் குரல் உயரவில்லை. "உனக்கு இந்தி வராதுன்னு சொல்லாதே. 'நஹீ' வரும். டெய்லி சப்ஜிவாலாகிட்ட பத்துத் தடவ சொல்றே. நஹீ, இத்னா நஹீ, ரெண்டு ரூபா கம் கரோன்னு சண்ட போடுறே. வெண்டக்காய்க்கு வந்த நஹீ எனக்கு வரலையே, அகல்யா?"

அகல்யாவின் கழுத்துவரை சூடு ஏறியது.

"வீட்டுக்காரன் ஃபோன் பண்ணிட்டான். மாசக் கடைசில காலி பண்ணணுமாம். சுரேகாவையும் நாலு வீட்டுல நிறுத்திட்டாங்க. போ, வேல இருக்கு."

"எங்கூட சொசைட்டி ஆபீசுக்கு வாங்க டீச்சர். நாஞ் சொல்றேன், நீங்க இந்தியில சொல்லுங்க."

டீச்சர் சிரித்துவிட்டார். சந்தோஷச் சிரிப்பல்ல. "என் கேஸுக்கு நானே துபாஷியா? நல்லாயிருக்கு!" கதவு சாத்திக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை சொசைட்டி ஆபீசில் கமிட்டி கூடியது. பார்கவிக்கு மகளிர் அணிப் பதவி வந்துவிட்டது. மேஜைமேல் பூங்கொத்தும் பேடா டப்பாவும் இருந்தன. அகல்யா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் நின்றாள். எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

"நஹீ," என்றாள்.

செயலாளருக்குப் புரியவில்லை. எது இல்லை, மௌசி, என்று இந்தியில் கேட்டுவிட்டுப் பார்கவியைப் பார்த்தார். பார்கவியின் முகம் ஒரு கணம் இறுகியது. பிறகு சிரித்தபடி, "சாய் நஹீ பீ, போல் ரஹீ ஹை," என்றாள். இன்னும் டீ குடிக்கவில்லை என்கிறாளாம். அறையே சிரித்தது. யாரோ ஒரு கப்பில் டீ ஊற்றி அகல்யாவின் கையில் கொடுத்தார்கள். கை தானாக அதை வாங்கிக்கொண்டது.

கப்பைப் பிடித்தபடியே அகல்யா பேசினாள். "சாய் நஹீ. டாக்டர். டீச்சர், சுரேகா, பச்சா, ரிக்‌ஷா, டாக்டர். மே தேக்கா. பார்கவி டாக்டர் நஹீ போலா." தான் பார்த்ததையும் பார்கவி டாக்டரை விட்டுவிட்டதையும் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது. டி.வி. சீரியலில் கேட்ட சொல் ஒன்று மிச்சமிருந்தது. "பார்கவி ஜூட் போலா."

பொய் சொன்னாள் என்பது அங்கே எல்லோருக்கும் புரிந்தது. சிரிப்பு நின்றது. ஒருவர் பேடாவை டப்பாவிலேயே திரும்ப வைத்தார். பார்கவி மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காது மடல்கூடச் சிவந்திருந்தது. அகல்யாவுக்கு அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஓடிப்போய் மறைத்துக்கொள்ளலாமா என்று இருந்தது. மறைக்காமல் நின்றாள்.

செயலாளர் தொண்டையைச் செருமினார். இது உங்கள் வீட்டு விஷயம், வீட்டில் பேசிக்கொள்ளுங்கள் என்று மெதுவாகச் சொன்னார். அடுத்தது தண்ணீர் டேங்கர் பற்றிய பேச்சு. தீர்மானம் அப்படியே நின்றது. பார்கவி ஒரு வாரம் அக்காவோடு பேசவில்லை. பிறகு பால் தீர்ந்துவிட்டது என்பதுபோன்ற பேச்சு மட்டும் பேசினாள்.

மாசக் கடைசியில் டீச்சர் வீட்டுச் சாமான்களை ஏற்ற டெம்போ வந்தது. தேஹு ரோட்டில், சொந்தக்காரர் வீட்டு மாடியில் இடம் கிடைத்திருந்தது. அகல்யா கூப்பிடாமலே கீழே போய்க் கட்டிலின் ஒரு முனையைப் பிடித்தாள். மறுமுனையில் ஜெர்சன் இருந்தான். வேண்டாம் என்று சொல்லவில்லை. பால்கனிகளில் ஆட்கள் நின்று பார்த்தார்கள்.

"ஆபீஸ்ல சொன்னியாமே," என்றார் டீச்சர்.

"ஆமாங்க."

"கூட்டத்துல சொல்லியிருக்கணும்."

"ஆமாங்க டீச்சர்."

டீச்சர் டெம்போவின் முன்சீட்டில் ஏறி, பையை மடியில் வைத்துக்கொண்டார். சனிக்கிழமை வருவாயா என்று அவர் கேட்கவில்லை. வருகிறேன் என்று சொல்ல அகல்யாவுக்கும் வாய் வரவில்லை. டெம்போ ஹைவே பக்கம் திரும்பும்வரை வாசலில் நின்றிருந்துவிட்டு, பால்கனிகளை நிமிர்ந்து பார்க்காமல் லிஃப்டை நோக்கி நடந்தாள்.