மான்சே என்று கத்திய பின்னேரம்

எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது கொரியாவின் விடுதலைக்காக ஒருமுறை செத்தேன். அப்பா என்னை முழுதாகச் சாக விடவில்லை.

அப்போது நாங்கள் ஊரை விட்டு வந்து, பிரெஞ்சு கதைக்கிற லாசாலில் இருந்தோம். எங்கள் தொடர்மாடிக்குக் கீழே இருந்த டெப்பனர் என்கிற சின்னப் பலசரக்குக் கடையைக் கொரியர்களான சூஜினின் பெற்றோர் நடத்தினார்கள். சூஜின் என்னோடு ஒரே வகுப்பு. இரண்டு பேரும் பிரெஞ்சில் கதைப்போம், சண்டை மட்டும் ஆங்கிலத்தில். அவளும் தகப்பனை ‘அப்பா’ என்றுதான் கூப்பிடுவாள்; கொரிய மொழியிலும் அப்படித்தான். முதல்முறை அதைக் கேட்டபோது என்னை நையாண்டி செய்கிறாள் என்று நினைத்துக் கொஞ்ச நாள் அவளோடு நான் கதைக்கவில்லை.

ஒவ்வொரு மார்ச் முதலாம் திகதியும் அவர்களுடைய தேவாலயத்தின் கீழ் மண்டபத்தில் ஒரு விழா நடக்கும். பாட்டு, மேளம், பிள்ளைகளின் நாடகம், கடைசியில் சூப். அந்த வருடம் நாடகத்தில் இருந்த ஒரு பிள்ளை பனியில் சறுக்கிக் காலை முறித்துக்கொண்டாள். சூஜின் என் பெயரைச் சொல்லிவிட்டாள். என் நடிப்புத் திறமை காரணமல்ல, அந்தப் பிள்ளையின் உடுப்பு எனக்கு அளவாக இருந்தது.

நாடகம் பழக்கியவள் பல்கலைக்கழகத்தில் படிக்கிற ஒரு பெண். பிள்ளைகள் அவளை ‘ஒன்னி’ என்பார்கள். அக்கா என்று அர்த்தம். அவள் என்னைத் தனியாக இருத்தி வைத்துக் கதையைச் சொன்னாள். ஒரு காலத்தில் கொரியாவை யப்பான் பிடித்து வைத்திருந்தது. அந்த நாட்டுச் சனங்கள் ஒரு மார்ச் முதலாம் திகதி, கையில் ஒரு கத்தி கூட இல்லாமல், கொடியை மட்டும் எடுத்துக்கொண்டு வீதிக்கு வந்து “மான்சே” என்று கத்தினார்கள். நீடு வாழ்க என்பது போன்ற ஒரு சொல். பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகளும் சட்டைக்குள் கொடியை ஒளித்துக்கொண்டு வந்தார்கள். யப்பானியர்கள் சுட்டார்கள்.

“நாங்கள் திருப்பிச் சுடுவோமா?” என்று கேட்டேன்.

“இல்லை. நீ விழுவாய். விழுந்து அசையாமல் கிடக்க வேண்டும்” என்றாள் ஒன்னி.

அங்கேதான் சிக்கல். நான் ஓர் இடத்தில் இருக்கிற பிள்ளையல்ல. பூசையில் என் முழங்காலை அம்மா கையால் அழுத்திக்கொண்டேதான் செபம் சொல்லுவா. பள்ளிக்கூடத்தில் என் கதிரையைச் சுவரோடு போட்டிருந்தார்கள். வீட்டில் அப்பாவும் அப்படித்தான். டோர்வலில், விமான நிலையத்தில் பெட்டிகள் ஏற்றுகிற வேலை அவருக்கு. களைத்து வந்தாலும் இருக்க மாட்டார். கதவைப் பூட்டிவிட்டு, பூட்டினேனா என்று திரும்பப் போய்ப் பார்ப்பார். ஜன்னல் திரையை விலக்கி வீதியைப் பார்ப்பார். என்னைப் பற்றி முறைப்பாடு வந்தால் மட்டும், “இவளுக்கு இந்தப் பழக்கம் எங்கையிருந்து வந்தது?” என்று நடந்துகொண்டே அம்மாவிடம் கேட்பார்.

ஒத்திகைகளில் நான் செத்த பிறகு மூக்கைச் சொறிந்தேன். காலை ஆட்டினேன். ஒருமுறை செத்துக்கிடந்தபடியே சூஜினைக் கிள்ளினேன். ஒன்னி என்னைக் கெஞ்சிப் பார்த்தாள், பிறகு கடைசி வரிசைக்கு அனுப்பினாள். எனக்கு அது பெரிய அவமானமாகப் போய்விட்டது. விழாவன்று மூச்சுக் கூட வெளியே தெரியாமல் சாகிறேன் பார் என்று மனதுக்குள் சபதம் எடுத்தேன்.

வீட்டில் வேறு தடை வந்தது. நான் கடதாசியில் தீட்டிய கொடியை அப்பா மேசையில் கண்டுவிட்டார்.

“இது ஆற்றை கொடி?”

“கொரியன் கொடியப்பா. சூஜின் ஆக்களின்ரை” என்றா அம்மா.

“எந்தக் கொடியெண்டாலும் பிடிச்ச ஆக்களைப் படம் எடுப்பினம், பிறகு தேடி வருவினம். பிள்ளையளின்ரை கையிலை ஏன் குடுக்கினம்?”

“சின்னப் பிள்ளையளின்ரை நாடகம். விடுங்கோவன்.”

அவர் விட்டார். ஆனால் தான் வரமாட்டேன், தனக்கு வேலை என்றார். இரவு முழுக்க அறைக்கும் குசினிக்கும் இடையில் அவருடைய காலடி கேட்டது.

விழாவன்று அம்மாதான் எனக்கு உடுப்பைப் போட்டுவிட்டா. மேலே வெள்ளை, கீழே வெள்ளை. ஊசி குத்திக்கொண்டிருந்தவ கையை நிறுத்தி, “இதுதானோ உடுப்பு? முழுக்க வெள்ளையோ?” என்று கேட்டா. ஓம் என்றேன். மிச்ச ஊசிகளையும் குத்தி முடித்தா. பிறகு, “நல்ல காலம், அப்பா வரேல்லை” என்றா. என் சுருங்கிய பாவாடையைக் கண்டு பேசுவார் என்பதற்காகச் சொல்கிறா என்று எடுத்துக்கொண்டேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. நாங்கள் சட்டைக்குள் இருந்த கொடிகளை இழுத்தெடுத்து, “மான்சே! மான்சே!” என்று கத்தினோம். இருந்தவர்கள் எல்லோரும் எழும்பி எங்களோடு சேர்ந்து கத்தினார்கள். நிலம் அதிர்ந்தது. அப்போது சூஜினின் அப்பா சிப்பாய்த் தொப்பியும் மரத் துவக்குமாக மேடைக்கு வந்தார். துவக்கை நீட்டினார். பின்னால் பெரிய மேளம் அதிர்ந்தது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு பிள்ளை விழுந்தாள். நானும் விழுந்தேன்.

சபதத்தைக் காப்பாற்றினேன். கன்னத்தில் தூசி கடித்தது, அசையவில்லை. யாரோ மெல்லப் பாடத் தொடங்கினார்கள், அசையவில்லை. இதைப் போல நல்ல சாவு அந்த மேடையில் நடந்திருக்காது என்று உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

திடீரென்று மேடைப் பலகை தடதடத்தது. ஒரு கை என் தலையைத் தூக்கியது. இன்னொரு கை என் மூக்கின் கீழே வந்து நின்றது.

“பிள்ளை, எழும்பு. எழும்பனை பிள்ளை. கண்ணைத் திற.”

கண்ணைத் திறந்தேன். அப்பா! வரமாட்டேன் என்றவர் வேலையிலிருந்து நேரே வந்திருந்தார். வேலைக்குப் போடுகிற ஒளிரும் சட்டையோடு, சப்பாத்தில் பனி அப்படியே இருக்க, முழங்காலில் நின்றார். முகம் சாம்பலாக இருந்தது. எனக்கு வெட்கத்தில் அழுகை வந்துவிட்டது.

“அப்பா! விடுங்கோ அப்பா!” என்று கத்தினேன்.

அந்த மண்டபத்தில் எல்லோருக்கும் விளங்கிய தமிழ்ச் சொல் ‘அப்பா’ ஒன்றுதான். அவர் என்னை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டார். முன் வரிசையில் இருந்த பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். தகப்பன் வந்து மகளின் உடலைத் தூக்குவதும் நாடகம்தான் என்று நினைத்துவிட்டார்கள். அந்தக் காலத்துக் கொரியாவில் ஒளிரும் சட்டை ஏது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பிறகு சூப் குடிக்கும்போது ஒரு கிழவர் அப்பாவின் தோளில் தட்டி, அடுத்த வருடமும் நீங்களே நடிக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

அது நாடகமல்ல என்பதை மேடையில் நின்ற சூஜினின் அப்பா கண்டுகொண்டார். அவர் தொப்பியைக் கழற்றினார். துவக்கைப் பியானோவுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார். வந்து அப்பாவின் முன்னால் இடுப்பை வளைத்துக் குனிந்தார், கனநேரம் நிமிரவில்லை. அப்பா அவருடைய கையைப் பிடித்து நிமிர்த்தினார். “பரவாயில்லை, பரவாயில்லை” என்று தமிழில் சொன்னார். சூப் ஆறும்வரை இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள்.

அப்பாவுக்கு ஒரு தங்கச்சி இருந்தா. ஊரில், பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் துவக்குச் சூடு பட்டு, வெள்ளைச் சீருடையோடு வீதியில் கிடந்தவவை முதலில் போய்த் தூக்கியது அப்பா. இதை அம்மா எனக்குச் சொன்னபோது நான் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தேன்.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், என் சாவைக் கெடுத்துவிட்டார் என்பதுதான். வீட்டுக்குத் திரும்புகிற பஸ்ஸில் அம்மா முன்னால் இருந்தா. அப்பா எனக்குப் பக்கத்தில் இருந்து என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். அவருடைய பெருவிரல் நாடி துடிக்கிற இடத்தில் அழுத்திக்கொண்டிருந்தது. பஸ் தரிப்புகள் ஒவ்வொன்றாகப் போயின, அவர் விரலை எடுக்கவில்லை. ஏதோ கோபத்தில்தான் இப்படிப் பிடிக்கிறார் என்று நினைத்து, கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டேன்.