கிளீட்டஸின் நாற்பத்தொன்றாம் நாள்

தவக்காலத்தில் கிளீட்டஸைப் போல ஒரு நல்ல மனுஷனைப் புதுக்கடை ஊருக்கும் கடலுக்கும் நடுவில் பார்க்க முடியாது. சாம்பல் புதன் அன்று நெற்றியில் சாம்பல் பூசிவிட்டால் தீர்ந்தது. அடுத்த நாற்பது நாளும் சாராயக் குப்பி இருக்கும் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டான். வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் முதல் ஆளாக முட்டி போடுவான். பதினோரு வருஷமாக இதில் ஒருநாள்கூடத் தவறியதில்லை. ஈஸ்டர் பூசை முடிந்த கையோடு குப்பியைத் திறப்பதிலும் பதினோரு வருஷமாகத் தவறியதில்லை. ஊரில் பாதி ஆண்களின் நோன்பு இப்படித்தான். ஆண்டவர் கல்லறையை விட்டு வெளியே வருவார். இவர்கள் உள்ளே போவார்கள்.

கிளீட்டஸின் மகள் அபினா நாகர்கோவிலில் நர்சிங் படிக்கிறாள். விடுதியிலிருந்து அவள் வீட்டுக்கு வருவது தவக்காலத்துச் சனி, ஞாயிறுகளில் மட்டும்தான். "வருசத்துல நாப்பது நாளுதான் எனக்கு அப்பா. மிச்ச நாளு இஞ்ச இருக்குத ஆளை எனக்குத் தெரியாது" என்று அவள் தன் அம்மை ஷைஜாவிடம் சொன்னதை, இந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின குருத்தோலை ஞாயிறன்று கிளீட்டஸ் கேட்டுவிட்டான். ஒட்டுக் கேட்கவில்லை. அடுக்களைக்கு உப்பு எடுக்கப் போனவன், எடுக்காமலே திரும்பினான்.

அன்றே முடிவு செய்தான், இந்தத் தடவை ஈஸ்டர் கழிந்தும் தொடுவதில்லை என்று. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்பது ஒன்று. தன்னாலேயே நம்ப முடியவில்லை என்பது இன்னொன்று.

ஈஸ்டர் காலையில் டெல்வின் வாசலில் வந்து நின்றான். இருவரும் ஒரே வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர்கள்.

"ஏலே, என்னலே பெண்ணு பாக்க வந்தவன் மாதிரி உள்ளுக்க இருக்க? குப்பியத் திறந்தாச்சு, போத்து எறச்சிக் கறி ஆறுதுலே."

"எனக்கு வேண்டாம்."

"நோன்பு முடிஞ்சாச்சுலே. இனியும் நோன்பு இருந்தா ஆண்டவரு உயிர்த்ததை நீ நம்பலைன்னு அர்த்தம், கேட்டியா?"

குப்பி விஷயத்தில் டெல்வினுக்கு வருகிற வேத ஞானம் ஆயருக்குக்கூட வராது. கிளீட்டஸ் கதவைச் சாத்தினான்.

சாத்திய பிறகுதான் தொல்லை. வலையை எடுத்துப் போட்டுக் கிழிசலைத் தைத்தான். கிழியாத இடத்தையும் தைத்தான். கடற்கரை வரை போனான், வந்தான், மறுபடியும் போனான். நாலு செம்பு வெள்ளம் குடித்தான். ஒரு குற்றமும் செய்யாத கோழியை ஏசினான்.

"தரையில முள்ளா கிடக்கு? ஒரு இடத்துல இருங்க" என்றாள் ஷைஜா.

"இருந்தா அங்க போயிருவேன். நடந்துகிட்டே இருந்தாதான் போகாம இருப்பேன்."

நடந்து நடந்து மத்தியானம் கோயிலில் போய் நின்றான். அங்கே என்ன செய்வது? நாற்பது நாளாகச் செய்ததைத்தான் கைகால்கள் செய்தன. சுவரில் மாட்டிய சிலுவைப்பாதைப் படங்களில் முதல் நிலைக்கு முன்னால் முட்டி போட்டான். பிறகு இரண்டாம் நிலை. மூன்றாம் நிலை. உதிர்ந்த பூவைக் கூட்டிக்கொண்டிருந்த கோயில்பிள்ளை ஞானதாசன் விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"ஏலே, என்ன காரியம் செய்யுத! அவரு ராத்திரியே உயிர்த்தாச்சு. மறுபடியும் சிலுவையத் தூக்கிக் குடுக்கியே!"

"எனக்கு வேற ஒண்ணும் தெரியாது அண்ணே."

"அல்லேலூயா பாடேன்லே."

"அதைப் பாடினா தாகம் எடுக்கு."

ஞானதாசன் ஒரு நொடி அவனைப் பார்த்தார். பிறகு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கமாகக் கூட்டப் போனார்.

திங்களும் செவ்வாயும் இதே கதை. கடலிலிருந்து வந்ததும் சிலுவைப்பாதை. உலகமே அல்லேலூயா பாடும் வாரத்தில் ஒருவன் மட்டும் கல்வாரி மலைக்கு ஏறிக்கொண்டிருந்தான். ஊர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

புதன்கிழமை வள்ளம் நிறையச் சாளை மீன். எல்லாருக்கும் சந்தோஷம். டெல்வின் கிளாஸை நீட்டினான். கிளீட்டஸ் வாங்கிக் குடித்தான். அவ்வளவுதான்; மூன்றரை நாள் ஒரு மடக்கில் போய்விட்டது. இரண்டாவது கிளாஸ் நிறைவதற்குள் எழுந்துவிட்டான். எதற்கு எழுந்தோம் என்று அவனுக்கே தெரியவில்லை. நேராகக் கோயிலுக்குப் போனான்.

ஒன்பதாம் நிலையில் கால் நின்றது. ஆண்டவர் மூன்றாம் முறை விழுகிறார். படத்தில் முகம் மண்ணில் கிடக்கிறது. பத்தாம் படத்தில் நிற்கிறார். நடுவில் எப்படி எழுந்தார் என்பதை யாரும் வரைந்து வைக்கவில்லை. கிளீட்டஸ் இரண்டு படங்களுக்கும் நடுவில் இருந்த வெறுஞ்சுவரை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு வெளியே வந்து மகளுக்குப் போன் போட்டான்.

"மக்ளே, நான் இண்ணைக்கு ஒரு கிளாஸ் குடிச்சேன்."

"இதச் சொல்லவா கூப்பிட்டீங்க?"

"ஆமா. ஞாயித்துக்கிழமையில இருந்து தொடல. இண்ணைக்குத் தொட்டாச்சு."

"சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காதே."

"அதுக்குத்தான் சொன்னேன்."

"மறுபடியும் குடிக்கப் போவீங்களா?"

"போகமாட்டேன்" என்றவன், "இப்பம் போகமாட்டேன்" என்று திருத்தினான்.

சனிக்கிழமை அபினா வந்தாள். விடுதிக்குப் போன நாளிலிருந்து, ஈஸ்டர் கழிந்து அவள் அந்த வாசலை மிதித்தது அதுதான் முதல் தடவை. காய்ச்சல் பார்ப்பது போல நெற்றியில் கை வைத்து, மூக்கை அப்பாவின் வாய்ப்பக்கம் கொண்டுபோனாள். களவாணித்தனம் புரிந்த கிளீட்டஸ் அவள் முகத்தில் நன்றாக ஊதிவிட்டான். சாளை நாற்றம் மட்டும்தான். அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு, அவன் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

ஞாயிறு சாயங்காலம் பையை மாட்டிக்கொண்டு கேட்டாள். "அடுத்த சனிக்கிழமையும் வரட்டா?"

'தைரியமா வா, அப்பா தொடமாட்டேன்' என்ற சொல் கிளீட்டஸின் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினான்.

"வா மக்ளே. சத்தியம் மட்டும் கேக்காத. வந்து பாரு."

அபினா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்பம் வெள்ளிக்கிழமையே வாறேன்."

அவள் போன பிறகும் அவன் உட்காரவில்லை, நடந்துகொண்டே இருந்தான். வெள்ளிக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது.